பிரேசில் இசை, நடனம், அதற்குள் இருக்கும் ஆப்பிரிக்கா: 35 வருஷமாக விடாத மோகம்

பனைநிழல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இந்த இழையைத் தொடங்க எத்தனையோ முறை நினைத்துத் தள்ளிப்போட்டிருக்கிறேன். இன்று மழை, வீட்டில் யாருமில்லை, எழுதிவிடுகிறேன்.

1989. நான் பத்தாம் வகுப்பு. என் மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். விடுமுறைக்கு வந்தபோது, பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்தில் வாங்கிய ஒரு கேசட்டை என் கையில் கொடுத்தார். அட்டை நனைந்து ஊறி எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. யார் பாடுகிறார்கள், என்ன பாட்டு, ஒன்றும் தெரியாது. முதல் பக்கத்தில் மூன்றாவது பாட்டில் ஓர் இரட்டை மணி வரும். ஒன்று கீச்சென்று, இன்னொன்று கொஞ்சம் தணிந்து. ஒரே குச்சியால் மாற்றி மாற்றித் தட்டுகிறார்கள். அதற்கு அடியில் தோல் கருவிகள், அவசரமே இல்லாமல். நான் தொடையில் தட்டிப் பார்த்தேன். சமம் எங்கே விழுகிறது என்று பிடிபடவில்லை. பிடித்துவிட்டேன் என்று நினைக்கும்போது நழுவும். பென்சிலை விட்டு கேசட்டைச் சுற்றிச் சுற்றி அன்றைக்கு விரலே வலித்தது.

அந்தத் தாளத்தின் பெயர் இஜெஷா, அந்த மணியின் பெயர் அகோகோ என்பது தெரியவர எனக்குப் பதினைந்து வருஷம் ஆனது. இன்றைய நைஜீரியாவில் இலேஷா என்ற ஊரைச் சுற்றி வாழும் யொருபா மக்களுக்கு இஜெஷா என்று பெயர். ஒரு ஜனத்தின் பெயர் கடல் தாண்டிப் போய்த் தாளத்தின் பெயராகிவிட்டது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அட்லாண்டிக் அடிமை வாணிபத்தில் பிரேசில் கரையில் மட்டும் இறக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 48 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டங்களுக்கு உயிரோடு வந்து சேர்ந்தவர்களில் இது பத்தில் நாலு பங்குக்கு மேல். பிற்பாடு ஐக்கிய அமெரிக்கா ஆன பகுதிக்கு ஆப்பிரிக்காவிலிருந்து நேராகக் கொண்டுபோகப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. பிரேசில் அடிமைமுறையை ஒழித்தது 1888 மே 13 அன்று. அந்தக் கண்டங்களில் கடைசியாக ஒழித்த நாடு அதுதான்.

கப்பலின் அடித்தளத்தில் அடைக்கப்பட்டவர்களிடம் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் எந்த அடிக்குப் பின்னால் எந்த அடி என்ற கணக்கு உடம்புக்குள் இருந்தது. அந்தப் பக்கம் கிடைத்த மரம், தோல், இரும்பை வைத்து அதை மறுபடி கட்டி எழுப்பினார்கள். இத்தனை வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருப்பது அந்தக் கணக்கைத்தான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தீர்கள்? எழுதுங்கள்.


புதுமழை எழுதியது:

ஐயா, படித்ததும் சிலிர்த்துவிட்டது. எனக்கு சாம்பா என்றால் டிவியில் வரும் ரியோ கார்னிவல், இறகுக் கிரீடம், அவ்வளவுதான் தெரியும். எங்கே ஆரம்பிப்பது? தயவுசெய்து நூறு பாட்டுப் பட்டியல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.


கடற்காகம் எழுதியது:

பனைநிழல் அண்ணா, இஜெஷா என்று எழுதிவிட்டீர்கள், இனி என்னால் சும்மா இருக்க முடியாது.

2007ல் வேலைக்காக ஐந்து மாதம் சால்வடோரில் இருந்தேன். பாஹியா மாநிலத்தின் தலைநகர். 1549 முதல் 1763 வரை பிரேசிலுக்கே அதுதான் தலைநகர். கார்னிவல் ஞாயிற்றுக்கிழமை மதியம் பெலோரின்யோ பகுதியில் ஒரு சரிவான கல்தெருவில் நின்றுகொண்டிருந்தேன். பெலோரின்யோ என்றால் சவுக்கடித் தூண் என்று அர்த்தம். அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த தூணின் பெயர்தான் அந்த இடத்துக்கே நிலைத்துவிட்டது.

கீழிருந்து வெள்ளை வெள்ளையாக ஏறி வருகிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்கள். தலையில் வெள்ளைத் துண்டைச் சுற்றிய தலைப்பாகை, நெற்றிக்கு மேலே நீலக் கல், கழுத்து நிறைய நீலமும் வெள்ளையுமாக மணிமாலைகள். கையில் லாவெண்டர் தண்ணீர்க் குப்பி, போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் தெளிக்கிறார்கள். கூடவே பொம்மை யானை, பொம்மை ஒட்டகம். எல்லாருக்கும் அடியில் நீங்கள் சொன்ன அதே இரட்டை மணி. அந்தக் குழுவின் பெயர் ஃபில்யோஸ் ஜி காந்தி. அதாவது காந்தியின் பிள்ளைகள்.

1949ல் சால்வடோர் துறைமுகத்துச் சுமைதூக்கும் தொழிலாளர்கள் தொடங்கியது. காந்தி சுடப்பட்டு அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆப்பிரிக்க வேர் கொண்ட காண்டோம்ப்ளே என்ற சமயத்தின் வழிபாட்டுப் பாட்டுகளைத் தெருவுக்குக் கொண்டுவரும் இந்த மாதிரி ஊர்வலத்துக்கு அஃபோஷே என்று பெயர். மணிமாலையில் இருக்கும் வெள்ளை ஒஷாலா தெய்வத்துக்கு, நீலம் ஒகூமுக்கு. நடுவில் குழு நலிந்து ஆளில்லாமல் போயிருந்தது. வெளிநாட்டு வாசம் முடிந்து திரும்பிய பாடகர் ஜில்பெர்ட்டோ ஜில் 1970களில் தானே போய்ச் சேர்ந்து அவர்களோடு நடந்தார், அவர்களைப் பற்றிப் பாட்டும் எழுதினார். அப்புறம்தான் கூட்டம் திரும்பியது.

ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன். தன் கழுத்திலிருந்து ஒரு மாலையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நடந்துவிட்டார். அந்த மாலை இன்னும் என் மேசை விளக்கில் தொங்குகிறது.

புதுமழை, நீங்கள் இஜெஷாவிலேயே ஆரம்பிக்கலாம். வேகம் குறைவு, காதுக்கு இடம் கொடுக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெரு முனையிலேயே வெள்ளைப் பாவாடையும் தலைக்கட்டுமாக ஓர் அம்மா அக்கராஜே விற்றுக்கொண்டிருந்தார். காராமணியை ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்து, வெங்காயம் சேர்த்து அடித்து, செம்பனை எண்ணெயில் போட்டு எடுப்பது. நைஜீரியாவில் இதே பண்டத்துக்கு அக்கரா என்று பெயர். அந்த எண்ணெய் வாசனையும் இஜெஷாவும் என் மூளையில் ஒன்றாகவே ஒட்டிக்கொண்டுவிட்டன.


சுருதிப்பெட்டி எழுதியது:

அருமையான இழை. ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. பிடித்த விஷயம் என்பதால்தான் சண்டை போடுகிறேன், தவறாக எடுக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் ஆப்பிரிக்கா என்ற ஒரே மூட்டைக்குள் கட்டிவிடுகிறோமோ என்று எனக்குக் கவலை. சாம்பாவில் கலகலவென்று கேட்கும் பாந்தெய்ரோ போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. அதற்கு முன்னால் அரபு உலகத்தில் இருந்த கஞ்சிரா வகைதான் அது. நாலு தந்தி கவாக்கின்யோ அச்சு அசலாகப் போர்ச்சுகல். ஷோரோ இசை ஐரோப்பியப் போல்கா நடையைக் கையில் எடுத்து வளர்ந்தது. பாட்டின் மொழி போர்ச்சுகீசியம், ஸ்வர அடுக்கு ஐரோப்பியம். இதற்கெல்லாம் முன்பே அந்த மண்ணில் இருந்த பழங்குடிகளின் கிலுகிலுப்பை மராக்காவை யாரும் பேசுவதே இல்லை.

அடுத்தது, எந்த ஆப்பிரிக்கா? அது ஒரு கண்டம். யொருபா வேறு, அங்கோலா வேறு, இன்றைய பெனின் பக்கத்து டஹோமி வேறு. மொழி வேறு, சாமி வேறு, அடியும் வேறு.


பனைநிழல் எழுதியது:

சுருதிப்பெட்டி அக்கா, இரண்டாவது கேள்வி முழுக்கச் சரி. ஒரே சொல்லில் எழுதியது என் சோம்பல்.

பிரேசிலுக்கு வந்தவர்களில் பெரும்பகுதி கொங்கோ, அங்கோலா பக்கத்து பாண்டு மொழிக்காரர்கள். சாம்பா, ஜோங்கோ என்ற ஆட்டப்பாட்டு, சண்டையும் ஆட்டமும் கலந்த கபோய்ரா எல்லாம் அந்தப் பக்கத்து வேர். சாம்பா என்ற பெயரையே அங்கோலாவின் செம்பாவோடு சேர்த்துச் சொல்கிறார்கள். செம்பா என்பது தொப்புளோடு தொப்புள் முட்டும் அசைவு. யொருபாக்கள் பெரும் எண்ணிக்கையில் வந்தது பிற்பாடு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலும், அதுவும் முக்கியமாகப் பாஹியாவுக்கு. அவர்களுடைய கோயில் முறை கட்டுக்கோப்பாக நின்றதால் இன்று எல்லாரும் யொருபாவையே பேசுகிறோம். அங்கோலா அன்றாடப் பேச்சுக்குள் கரைந்துவிட்டது. ஒருவர் தலைமுடிக்குள் விரல்விட்டு மெல்லக் கோதிவிடுவதற்குப் பிரேசிலில் கஃபுனே என்பார்கள். அங்கோலாவின் கிம்புண்டு மொழியிலிருந்து வந்த சொல்.

முதல் கேள்வியில் மட்டும் கொஞ்சம் இழுப்பேன். கருவி எங்கிருந்து வந்தது என்பது ஒன்று, அது என்ன வாசிக்கிறது என்பது வேறொன்று. சாம்பாவில் தம்போரின் என்ற சின்னத் தட்டைப் பறை ஒன்று உண்டு, உள்ளங்கை அகலம்தான். அது தட்டுவதை எண்ணால் எழுதினால் இப்படி வரும்:

2 2 1 2 2 2 2 1 2

கூட்டினால் 16. ஒவ்வோர் எண்ணின் தொடக்கத்திலும் ஒரு தட்டு, மொத்தம் 9 தட்டு. இரண்டே இரண்டு ஒற்றைகள். அவற்றுக்கு நடுவே ஒரு பக்கம் நாலு இரட்டை, சுற்றி வரும் மறுபக்கம் மூன்று இரட்டை. அதாவது 16 என்ற சதுரத்தை 8, 8 என்று பிளக்காமல் 9, 7 என்று பிளந்திருக்கிறார்கள். அந்தச் சாய்வுதான் இடுப்பைத் தள்ளுகிறது. ஆஸ்திரிய ஆய்வாளர் கெர்ஹார்ட் கூபிக் அங்கோலாவின் கிழக்குப் பகுதியில் கச்சாச்சா என்ற ஆட்டத்துக்கு வாசிக்கும் வாசிப்பில் இதே கணக்கைக் காட்டினார். தொடங்கும் இடம் மாறலாம், சக்கரம் ஒன்றே.

பறை போர்ச்சுகீசியக் கடையில் வாங்கியதாகவே இருக்கட்டும். இந்த 9க்கு 7 அங்கே கிடைத்திருக்காது.


புதுமழை எழுதியது:

ஐயா, இன்று பஸ்ஸில் வரும்போது முழுக்க இதையே தட்டிக்கொண்டு வந்தேன். வலது கையால் 2 2 1 2 2 2 2 1 2, காலால் நாலு நாலாகச் சீராக. முதலில் கை, காலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அரைமணி நேரம் கழித்து ஒரு பத்து நொடி இரண்டும் ஒத்து நின்றது. அந்தப் பத்து நொடி என்ன சுகம்! பக்கத்து சீட்டு அம்மா, “தம்பிக்கு மிருதங்கமா?” என்று கேட்டார்.


மீன்கொத்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப டொரொன்டோ. பதினோரு வருடமாகக் கபோய்ரா பழகுகிறேன், அங்கோலா பாணி. இந்த இழையைப் பார்த்ததும் சரியான சந்தோசம்.

பலபேர் கபோய்ராவைக் காணொளியில் பார்த்துவிட்டுக் குட்டிக்கரணமும் சுழற்றி உதைப்பதும்தான் என்று நினைக்கிறார்கள். எங்கள் வகுப்பில் முதல் மூன்று மாதம் உதையே இல்லை. பெரிம்பாவைக் கையில் தந்துவிட்டார்கள். அது ஒரு வில். வில் என்றதும் எங்களுக்கு வில்லுப்பாட்டு ஞாபகம் வரும், அதுக்கும் இதுக்கும் உறவில்லை, பிடிக்கும் முறையே வேறு. ஆள் உயரத்தில் ஒரு கொம்பு, அதில் முறுக்கிக் கட்டிய கம்பி. பழைய டயரைக் கிழித்து உள்ளே இருக்கிற கம்பியை உருவித்தான் கட்டுவோம். கீழ்ப்பக்கத்தில் வாய் திறந்த ஒரு குடுவை. இடது கைச் சின்னவிரல் மட்டும் முழுப் பாரத்தையும் தாங்கும். அதே கையின் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு கல் அல்லது காசு. வலது கையில் மெல்லிய குச்சியும் காசிஷி என்ற சிறு கூடைக் கிலுக்கும். கல்லைக் கம்பியில் அழுத்தினால் சுரம் ஏறும், தொட்டும் தொடாமல் விட்டால் கரகரக்கும். குடுவையை வயிற்றில் ஒட்டி எடுத்தால் ‘வாவ்’ என்று திறக்கும். முதல் கிழமை சின்னவிரல் வீங்கி, சோறு பிசையவும் ஏலாமல் போனது.

வட்டத்துக்கு ரோடா என்று பெயர். மூன்று பெரிம்பாவ் இருக்கும்: தடித்த குரல் குங்கா, நடுவில் மேதியோ, மெல்லிய குரல் வியோலா. விளையாடப் போகிற இரண்டு பேரும் குங்காவின் காலடியில் குந்தியிருந்து, முதல் பாட்டு முடியும்வரை காத்திருக்க வேணும். குங்கா மெதுவாகப் போனால் நாங்களும் மெதுவாக, தரையோடு தரையாக. அது வேகமெடுத்தால் நாங்களும். குங்கா நின்றால் விளையாட்டும் நின்றது. ஆக, உதைக்கிறவன் கையில் ஒன்றுமில்லை, வில்லைப் பிடித்தவர் கையில்தான் எல்லாம்.

1890 குற்றவியல் சட்டத்தில் கபோய்ரா தண்டனைக்குரிய குற்றம். குதிரைப் பொலிஸ் வருவதை எச்சரிக்கவென்றே கவலாரியா என்று ஓர் அடி உண்டு, குளம்புச் சத்தம் மாதிரியே இருக்கும். 1930களில் மெஸ்த்ரே (ஆசான்) பிம்பா சால்வடோரில் பள்ளி திறந்து, ரெஜியோனால் என்ற வேகமான பாணியை முறைப்படுத்தினார். 1941ல் மெஸ்த்ரே பஸ்தின்யா அங்கோலா பாணிக்கென்று தனி மையம் வைத்தார். 2014ல் யுனெஸ்கோ ரோடாவை மானுடத்தின் மரபுச் செல்வம் என்று பட்டியலில் சேர்த்தது. பஸ்தின்யா 1981ல் கண் தெரியாமல், வறுமையில் இறந்தார். அதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கும்.


சுருதிப்பெட்டி எழுதியது:

மீன்கொத்தி தம்பி, சோறு பிசைய முடியாமல் போனதைப் படித்து என் வீணைக் காலம் ஞாபகம் வந்துவிட்டது.

பனைநிழல், 9க்கு 7 என்ற கணக்குக்கு நான் தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை என்னை ஒப்புக்கொள்ள வைத்த சாட்சி வேறு யாருமில்லை, போசா நோவா பாடகர் ஜோவாவ் ஜில்பெர்ட்டோ. போசா நோவா என்றால் ரியோ கடற்கரையோரத்து வசதியான வீடுகளின் மென்மையான இசை, ஜாஸ் கலப்பு என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். 1958ல் அவர் பதிவு செய்த அந்த முதல் போசா நோவா இசைத்தட்டின் கிதாரை மட்டும் தனியாகக் கேட்டுப் பழகினேன். கட்டைவிரல் சீராக சுர்டோ என்ற பெரிய மேளத்தின் வேலையைப் பார்க்கிறது. மற்ற விரல்கள் நீங்கள் எழுதிய தம்போரினைத்தான் தட்டுகின்றன. முந்நூறு பேர் தெருவில் அடிக்கும் சாம்பாவை ஒற்றைக் கையில் சுருட்டி வைத்திருக்கிறார், முணுமுணுக்கிற குரலுக்குக் கீழே. அவரும் பாஹியாக்காரர்தான், ஜுவாசேரோ ஊர்.

ஆனாலும் என் மனசுக்கு நெருக்கம் கிளெமெந்தினா டி ஜேசுஸ். 1901ல் ரியோ மாநிலத்தில் பிறந்தவர். இருபது வருஷத்துக்கு மேல் வீட்டுவேலை செய்தார். அறுபது வயது தாண்டிய பிறகுதான் மேடை ஏறினார். தாயார் துணி துவைக்கும்போது பாடியதைக் கேட்டு மனசில் தங்கிப்போன ஜோங்கோ, பிரார்த்தனைப் பாட்டுகள் எல்லாம் அந்தக் கரகரத்த, ஆழமான குரலில் வெளியே வந்தன. 1966ல் செனகலின் டக்கார் நகரில் நடந்த உலகக் கறுப்பினக் கலை விழாவுக்குப் பிரேசில் அவரை அனுப்பியது. 1982ல், தேய்ந்து மறையும் நிலையில் இருந்த விசுங்கோ பாட்டுகளை இன்னும் இருவரோடு சேர்ந்து பாடிப் பதிவு செய்தார். மினாஸ் ஜெராயிஸ் வைரச் சுரங்கங்களில் அடிமைகள் வேலை நேரத்தில் பாடியவை, பாண்டுச் சொற்கள் கலந்தவை. கூட வீணையும் கிடையாது வயலினும் கிடையாது, தாளக் கருவி மட்டும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.


தறிச்சத்தம் எழுதியது:

ரொம்ப நாளாக இங்கே எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வரலாற்றுப் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன்.

ரியோவில் வலோங்கோ என்றொரு கப்பல்துறை. அந்த ஒரே துறையில் இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 9 லட்சம் பேர் என்கிறார்கள். 1843ல் பேரரசராக இருந்தவருக்கு மணப்பெண் வந்து இறங்குவதற்காக அந்தக் கற்களின் மேல் வேறு கல் பாவி அழகாக்கி மூடிவிட்டார்கள். 2011ல் துறைமுகப் பகுதியைச் சீரமைக்கத் தோண்டியபோது பழைய தளம் வெளியே வந்தது. 2017ல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. மண்ணுக்கடியில் தாயத்து, பாசிமணி, மோதிரம் என்று ஆயிரக்கணக்கில் கிடைத்தன. எல்லாம் அந்தக் கைகளிலிருந்து விழுந்தவை.

அந்தத் துறைமுகத்தைச் சுற்றிய பகுதிக்குத்தான் குட்டி ஆப்பிரிக்கா என்று பெயர் வந்தது. பாஹியாவிலிருந்து பிழைக்க வந்த கறுப்பினப் பெண்கள் அங்கே குடியேறினார்கள். எல்லாரும் அவர்களை ‘தியா’, அதாவது அத்தை என்பார்கள். பெரிய பெயர் தியா சியாட்டா. பாஹியா உடையில் தெருவில் பலகாரம் விற்றவர். அவர் வீட்டு முன்னறையில் ஷோரோ, பின்கட்டில் சாம்பா, அதற்கும் பின்னால் தெய்வ வழிபாடு. போலீஸ் எட்டிப் பார்த்தால் முன்னறையின் கௌரவமான இசைதான் காதில் விழும். சாம்பா என்று பதிவாகிப் பெரும் வெற்றி பெற்ற முதல் பாட்டு, 1916ல் இசைக்கலைஞர் டோங்கா தன் பெயரில் பதிவு செய்தது, அந்த வீட்டுக் கூடுகையில்தான் உருவானது. இன்றும் ரியோவில் சாம்பா பள்ளி எனப்படும் கார்னிவல் குழு ஒவ்வொன்றின் அணிவகுப்பிலும் அகன்ற பாவாடையோடு சுழன்று வரும் பாஹியா அம்மாக்கள் அணி கட்டாயம் இருக்க வேண்டும். அந்த அத்தைகளுக்குச் செய்யும் மரியாதை அது.

அடுத்தது, திரும்பிப் போனவர்கள். இதை நாம் பேசுவதே இல்லை. 1835 ஜனவரியில் சால்வடோரில் முஸ்லிம் அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் கிளர்ச்சி செய்தார்கள், மலே கிளர்ச்சி. அதை நசுக்கிய பிறகு பலரை ஆப்பிரிக்காவுக்கே நாடு கடத்தினார்கள். இன்னும் பலர் காசு சேர்த்துத் தாங்களே கப்பலேறினார்கள். லாகோஸில் பிரேசிலியர் பேட்டை உருவானது. 1894ல் கட்டிய ஷிட்டா பே மசூதிக்கு வடிவம் கொடுத்தவர் திரும்பி வந்த ஒரு பிரேசில் கட்டடக் கலைஞர். பெனினின் போர்ட்டோ நோவோவில் உள்ள பழைய பெரிய மசூதியைப் பார்த்தால் பாஹியாவின் மாதா கோயில் என்றே நினைப்பீர்கள். அங்கே இன்றைக்கும் பூரியான் என்று முகமூடி ஆட்டம் ஆடுகிறார்கள், போர்ச்சுகீசியச் சொற்கள் கலந்த பாட்டோடு. கானாவின் அக்ராவில் இருப்பவர்களுக்குப் பெயரே தாபோம். எதைக் கேட்டாலும் ‘தா போம்’, அதாவது ‘சரி, சரி’ என்று போர்ச்சுகீசியத்தில் சொன்னதால் வந்த பெயர் என்கிறார்கள்.


பனைநிழல் எழுதியது:

தறிச்சத்தம், நீங்கள் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தது அநியாயம்.

நீங்கள் சொன்ன இந்தத் திரும்புதல்தான் பாட்டிலும் நடந்தது. ஜில் 1977ல் லாகோஸில் நடந்த கறுப்பினக் கலை விழாவுக்குப் போய்வந்த கையோடு ஒரு முழு இசைத்தட்டே செய்தார். 1980ல் பிரேசில் பாடகர்கள் சிக்கோ புவார்க்கி, கிளாரா நூனிஸ், டோரிவால் கைமி, மார்ட்டின்யோ டா விலா எல்லாரும் ஒரு கூட்டமாக அங்கோலாவுக்குப் போனார்கள். அங்கோலா விடுதலையாகி ஐந்து வருஷம்தான், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அந்த வருஷமே கிளாரா நூனிஸ் பாடி வெளிவந்த அங்கோலாப் பெண்ணைப் பற்றிய பாட்டு என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைப் பாட்டு. காலில் கட்டிய சலங்கைச் சத்தத்தைச் சொல்லிலேயே கொண்டுவந்திருப்பார்கள்.


கடற்காகம் எழுதியது:

ஒரு விஷயம் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, கேட்டுவிடுகிறேன்.

சால்வடோரில் ஒரு நண்பர் குடும்பத்தோடு காண்டோம்ப்ளே திருவிழா ஒன்றுக்குப் போயிருந்தேன். அடபாக்கி என்று மூன்று நெடிய மேளங்கள்: ரும், ரும்பி, லே. சின்ன இரண்டும் மாறாமல் ஒரே நடையைப் பிடிக்கும். பெரிய ரும் மட்டும் பேசும். ஆடுகிறவருக்குள் தெய்வம் இறங்கினால் அந்த அசைவைப் பார்த்து ரும் மாறும், ரும் மாறியதைக் கேட்டு அசைவு மாறும். மேளத்துக்குப் பூசை உண்டு, படையல் உண்டு, துணி கட்டி வைப்பார்கள். அலபே எனப்படும் தலைமை வாத்தியக்காரர் வருஷக்கணக்காகப் பழகி, தீட்சை பெற்றவர். சின்ன வயதில் பொறுப்பெடுத்தவர் அவர். இப்போது தலை நரைத்திருந்தது. பாஹியாவில் 1976 வரை இந்தக் கோயில்கள் விழா நடத்தப் போலீசில் பதிவு செய்தாக வேண்டும். தாத்தா காலத்தில் மேளத்தைப் பறிமுதல் செய்துகொண்டு போனதை நண்பரின் அம்மா அன்றைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு பெருநகரத்தில் வார இறுதித் தாளப் பயிலரங்கு ஒன்றுக்குப் பணம் கட்டிப் போனேன். அங்கே ஒரு தெய்வத்தை அழைப்பதற்கென்றே உள்ள அடியை, கை சூடேறுவதற்கான பயிற்சி என்று சொல்லித்தந்தார்கள். பெயர்கூடச் சொல்லவில்லை. நான் மேளத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். நான் செய்தது சரியா தெரியவில்லை. நாமெல்லாம் வெளியாட்கள்தானே. எங்கே நிற்க வேண்டும்?


மீன்கொத்தி எழுதியது:

அண்ணா, நீங்கள் எழுந்து வந்தது சரிதான் என்று நினைக்கிறேன். எங்கள் மெஸ்த்ரே சொல்லித்தந்தது: தெருவுக்கு அவர்களே கொண்டுவந்ததை நீ தெருவில் கற்கலாம், உள்ளே வைத்திருப்பதை அழைத்தால் மட்டும் போய்க் கேள், கற்றதன் பெயரை ஒவ்வொரு முறையும் சொல். இஜெஷா, சாம்பா, கபோய்ரா இதெல்லாம் தெருவுக்கு வந்தவை.

வேறொரு விசயம். ஆப்பிரிக்கர்களைப் போர்ச்சுகீசியர் பிரேசிலுக்கு மட்டும் கொண்டுபோகவில்லை, இலங்கைக்கும் கொண்டுவந்தார்கள். புத்தளம் பக்கம் சிராம்பியடியில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள். மஞ்சா என்று பாடி ஆடுவார்கள், சொற்கள் போர்ச்சுகீசியக் கலப்பு மொழி. மேளம், தேங்காய்ச் சிரட்டை, கரண்டியால் தட்டும் போத்தல், இவைதான் கருவி. பாஹியாவின் ரெகோன்காவோ பகுதியில் சாம்பா டி ரோடா ஆடும்போது பீங்கான் தட்டைக் கத்தியால் கீறித் தாளம் போடுவதைப் பார்த்தபோது எனக்குச் சட்டென்று சிராம்பியடி நினைவுதான் வந்தது. ஒரே பேரரசு இரண்டு கடலில் சிதறடித்த மனிதர்கள், இரண்டு இடத்திலும் குசினிச் சாமானை எடுத்துத் தட்டியிருக்கிறார்கள்.


சுருதிப்பெட்டி எழுதியது:

சாம்பா டி ரோடாவைச் சொன்னதால் ஒரு வார்த்தை. அதில் பெண்கள்தான் நடு. எல்லாரும் வட்டமாக நின்று கைதட்ட, ஒருவர் உள்ளே வருவார். கால் தரையை விட்டு எழும்பாது. பாதத்தை இம்மி இம்மியாக முன்னும் பின்னும் இழுப்பார். மியுதின்யோ என்று பெயர். மேல் உடம்பு அசையாது, தலையில் தண்ணீர்க் குடம் வைத்தாலும் சிந்தாது. எழுபது வயதுப் பாட்டி ஒருவர் ஆடியதைக் காணொளியில் பார்த்தேன், பாவாடை மட்டும்தான் மணி மாதிரி சுற்றியது. முடிக்கும்போது வட்டத்தில் ஒருவர் எதிரே போய் வயிற்றோடு வயிறு லேசாகத் தொடுவார், அடுத்த முறை அவருடையது. பனைநிழல் சொன்ன அங்கோலாவின் செம்பா அப்படியே.

மேளத்தில் மட்டும் பெண்களை வெகுகாலம் விடவில்லை. சால்வடோரின் ஒலோடும் மேளக் குழுவில் சாம்பா ரெக்கே நடையை உருவாக்கிய நெகின்யோ டோ சாம்பாவே 1993ல் டிடா என்று பெண்கள் மட்டும் அடிக்கும் குழுவைத் தொடங்கினார். தெருவில் நாற்பது ஐம்பது பெண்கள், இடுப்பில் பெரிய மேளத்தைக் கட்டிக்கொண்டு, குச்சியைத் தலைக்கு மேலே சுழற்றி இறக்குவதை என் மகளுக்குக் காட்டினேன். போன வாரம் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.


பனைநிழல் எழுதியது:

அந்த பக்கெட்டுக்கு நல்ல தோலாகப் போட்டுக் கொடுங்கள் அக்கா.

கடற்காகம் தம்பி கேட்டதற்கு என் பதிலும் மீன்கொத்தியுடையதுதான். கூடவே இலே ஐயேவையும் நினைத்துக்கொள்வேன். 1974ல் சால்வடோரின் லிபெர்டாடி பகுதியில், கறுப்பினத்தவர் மட்டுமே கொண்ட முதல் கார்னிவல் குழுவாகத் தொடங்கினார்கள். அதுவரை பெரிய கிளப்புகள் அவர்களை உள்ளே சேர்க்கவில்லை. 1975ல் முதல்முறை தெருவில் இறங்கியதும் இவர்களைத்தான் இனவெறியர்கள் என்று பத்திரிகையில் எழுதினார்கள். குழுவை வளர்த்தது மாய் இல்டா என்ற கோயில் தாய். ஒவ்வொரு கார்னிவலிலும் அவர் வீட்டு வாசலில் வெள்ளைப் புறாக்களைப் பறக்கவிட்ட பிறகுதான் முதல் அடி விழும். 2009ல் அவர் மறைந்த பிறகும் அந்த வழக்கம் தொடர்கிறது. என்றாவது ஒருநாள் அந்தச் சனிக்கிழமை இரவு அந்த வாசலில் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. கறுப்பும் மஞ்சளும் சிவப்பும் வெள்ளையும் உடுத்திய அந்தக் கூட்டத்தின் ஓரமாக, கை கட்டிக்கொண்டு நின்றாலே எனக்குப் போதும்.

புதுமழை தனிமடலில் கேட்டிருந்தார், அந்த கேசட் இன்னும் இருக்கிறதா என்று. இருக்கிறது. நாடா இரண்டு இடத்தில் சுருங்கியிருக்கிறது, ஆனால் மூன்றாவது பாட்டு ஓடுகிறது. பாடுவது யார் என்று இன்றுவரை தெரியவில்லை.


கடற்காகம் எழுதியது:

அண்ணா, அதைக் கணினியில் ஏற்றி எனக்கு அனுப்புங்கள். சால்வடோர் நண்பரின் அம்மாவுக்கு இப்போது எண்பத்து நாலு வயது, காது இன்னும் கூர்மை. அவரிடம் போட்டுக் காட்டச் சொல்கிறேன். பாட்டு தெரியாவிட்டாலும், அந்த மணி எந்தத் தெய்வத்துக்கு அடிக்கிறது என்பதையாவது சொல்லிவிடுவார்.